பெருந்தேவி மாமியின் முழங்காலும் டிக்கி சித்தாந்தமும்

பெருந்தேவி மாமிக்கு அறுபது வயது. சின்ன காஞ்சிபுரத்தில் அவரைப் பற்றி விசாரித்தால் "யதிராஜன் ஸ்வாமி ஆத்து மாமிதானே?" என்பார்கள். அதற்குமேல் சொல்ல யாரிடமும் எதுவும் இருக்காது. அது மாமியின் குறை அல்ல. யதிராஜன் பேசிக்கொண்டிருக்கும் வீட்டில் இன்னொருவரைப் பற்றித் தெரிந்துகொள்வது, நாதஸ்வரம் உச்சத்தில் இருக்கும்போது பந்தியில் உப்பு கேட்பது மாதிரி.

யதிராஜன் கல்லூரியில் தர்க்க சாஸ்திரம் கற்பித்தவர். கல்லூரி அவருக்கு ஓய்வு கொடுத்தது. அவர் தர்க்கத்துக்கு ஓய்வு கொடுக்கவில்லை. வீட்டில் எந்தக் கேள்வி எழுந்தாலும் முதலில் பூர்வபக்ஷம், அதாவது எதிராளியின் வாதம், முழுமையாக வைக்கப்படும். பிறகு அது கண்டிக்கப்படும். அதன் பிறகே சித்தாந்தம். "குழாய்ல தண்ணி வரலையே, ஏன்னா?" என்று மாமி கேட்டால் சித்தாந்தம் வருவதற்குள் தண்ணீர் வந்து நின்றும் போயிருக்கும். ஆகவே கல்யாணமான புதிதிலேயே மாமி எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிடப் பழகிக்கொண்டார். அதற்குச் சம்மதம் என்று பொருள் இல்லை. அடுப்பில் ஏதாவது இருக்கிறது என்று பொருள்.

இந்த வாழ்க்கையில் மாமிக்கென்று இருந்தது ஒரே ஒரு போக்குவரத்து. திருமுக்கூடலில் வாழ்க்கைப்பட்ட அக்கா ஸுபத்ரா. சகோதரிகள் இருவரும் ஏகாதசியன்று அவரவர் வீட்டில் பட்டினி இருப்பார்கள். மறுநாள் துவாதசி காலையில் பெருந்தேவி மாமி அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும் சுண்டைக்காயும் சமைத்து எடுத்துக்கொண்டு திருமுக்கூடல் போவார். இருவரும் சேர்ந்து பாரணை செய்து விரதம் முடிப்பார்கள். அக்கா பிறர் கையால் சாப்பிடாதவர், துவாதசியன்று தங்கை சமைத்ததைத்தான் தொடுவார் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சாப்பிட்டுவிட்டு இருவரும் மத்தியானம்வரை பேசுவார்கள். என்ன பேசினார்கள் என்பதை யதிராஜன் ஒருநாளும் கேட்டதில்லை. தர்க்கத்துக்கு உட்படாத பேச்சு என்று அவருக்கு ஊகம்.

சாப்பாடு மடியாகப் போக வேண்டும். குளித்து, யாரும் தொடாமல் உலர்ந்த புடவை கட்டி, யார் மேலும் எதன் மேலும் படாமல் சமைத்து, அது இலையில் விழும்வரை அப்படியே காப்பாற்றுவதுதான் மடி. மற்ற உலகம் முழுவதும் விழுப்பு. வீட்டுக்குள் இது எளிது. காரில் எப்படி? அம்பாசடர் வாங்கிய காலத்திலேயே யதிராஜன் இதற்குத் தீர்ப்பு வழங்கிவிட்டார். டிக்கி என்பது தனி அறை. அது வண்டியோடு ஒட்டியிருக்கிறதே தவிர வண்டிக்குள் இல்லை. டிரைவர் சின்னப்பையன் டிக்கியைத் திறந்துவிட்டுக் கரண்ட் கம்பத்தருகே போய் நிற்பார். மாமி பாத்திரங்களை வைத்துவிட்டு விலகுவார். சின்னப்பையன் வந்து மூடுவார். மூடியின் வெளிப்புறம் வெளியுலகம், உட்புறம் தளிகை உள், அதாவது சமையலறை, என்பதும் தீர்ப்பின் ஒரு பகுதி.

சின்னப்பையன் முசரவாக்கத்துக்காரர். பேரில்தான் சின்னப்பையன்; பேரன் எடுத்தாகிவிட்டது. அந்தக் கம்பத்தருகே அவர் நின்ற நேரத்தை எல்லாம் சேர்த்தால் இன்னொரு உத்தியோகமே பார்த்திருக்கலாம்.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, புது வண்டி வரும்வரை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ப்ரஹ்லாத், தொண்ணூற்றேழில், அம்பாசடரைக் கொடுத்துவிட்டு நவீனமான ஒரு செடான் காரை வாங்கிவைத்தான். தாழ்வான, வழவழப்பான நீல வண்டி. அம்பாசடரில் சோபாவில் உட்காருவதுபோல் உட்கார்ந்த மாமி, இதில் கிணற்றில் இறங்குவதுபோல் இறங்க வேண்டியிருந்தது. முழங்கால் தேய்ந்துகொண்டே போக, கிணறு ஆழமாகிக்கொண்டே போனது.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் வைகாசியில் ஒரு துவாதசியன்று அது நடந்தது. திருமுக்கூடலில் அக்கா வீட்டு வாசலில் கார் நின்றது. கதவு திறந்தது. மாமி எழவில்லை. ஒரு காலை வெளியே வைத்தார். இன்னொரு கால் வர மறுத்தது. சின்னப்பையன் கை கொடுக்க முடியாது, மாமி மடி. கூட வந்திருந்த யதிராஜன் கை கொடுக்க முடியாது, அவர் வழியில் பெட்டிக்கடையில் பேப்பர் வாங்கி விழுப்பாகிவிட்டார். அதனால் அவர் வெளியே நின்று, எடையை முன்னால் சாய்த்தால் உடல் எப்படித் தானாக எழும் என்பதை விளக்கினார். மாமி சாய்ந்து பார்த்தார். சாய்ந்தபடியே இருந்தார்.

கடைசியில் ஸுபத்ரா உள்ளேயிருந்து தன் பட்டுப் புடவை ஒன்றைக் கொண்டுவந்தார். பட்டுக்கு விழுப்பு ஒட்டாது என்பது எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம். தலைப்பை மாமி பிடித்துக்கொள்ள, மறுமுனையை அக்கா பிடித்து இழுத்தார். அறுபத்தாறு வயது அக்கா அறுபது வயதுத் தங்கையைக் காரிலிருந்து வெளியே எடுத்ததைப் பார்க்கத் தெருவே நின்றது.

"தேர் நெலைக்கு வந்துச்சா?" என்று யாரோ கேட்டார்கள்.

அன்று மாமி பாரணையில் சரியாகச் சாப்பிடவில்லை. திரும்பி வரும்போது, "இனிமே நான் இந்த வண்டில ஏறலை. தளிகையை மட்டும் அனுப்பறேன்" என்றார். யதிராஜனுக்கு அது கோபத்தில் சொன்னதாகத் தோன்றவில்லை. மாமிக்குக் கோபம் வந்து அவர் பார்த்ததில்லை. ஆகவே வந்தபோதும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு டிக்கி மட்டும் திருமுக்கூடல் போய்வந்தது. காலிப் பாத்திரத்தோடு சின்னப்பையன் செய்தியும் கொண்டுவருவார்.

"அக்கா கேட்டுக்கினே இருக்கறாங்க மா. இன்னா, தங்கச்சி வரலியான்னு."

"முழங்கால்னு சொல்லு."

"சொன்னேன். என் முழங்காலு மட்டும் இன்னா புதுசான்னு கேக்கறாங்க."

புரட்டாசியில் ஸுபத்ரா முற்றத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுக்கையோடு சரி. முதல் நாளே மாமி போகத் தயாராக நின்றார். கார்க் கதவைத் திறந்து அந்தத் தாழ்ந்த சீட்டைப் பார்த்தார். உள்ளே போய் உட்காரலாம். அங்கே போய் எழுவதற்கு, இந்த முறை இழுக்க ஆள் இல்லை. இழுக்க வேண்டியவர்தான் படுத்திருக்கிறார். மாமி கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனார்.

பஸ்ஸில் போகலாமே என்று கேட்கலாம். பஸ்ஸின் படியைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

ப்ரஹ்லாத்துக்குச் செய்தி போனது. போனில் அவன் ஒரே மூச்சில் சொன்னான். "அப்பா, செடானைக் குடுத்துட்டு உசரமான வண்டி ஒண்ணு வாங்கிடுங்கோ. இப்போ எல்லாரும் அதுக்குத்தான் மாறிண்டிருக்கா. அம்மா நாற்காலில உக்கார்ற மாதிரி உக்காந்துக்கலாம்."

"யோசிக்கலாம்" என்றார் யதிராஜன். கேட்டுக்கொண்டிருந்த மாமி சமையலறைக்குப் போய் அடுப்பைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வார்த்தையின் நீளம் அவருக்குத் தெரியும்.

யோசனை என்றால் எதிராளி வேண்டும். எதிர்வீட்டு சம்பத்குமாரன் வந்தார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். யதிராஜன் எதை மறுக்கிறாரோ அதை ஆதரிப்பதற்கென்றே தினமும் மாலையில் காபி நேரத்துக்கு வருபவர். இருவரும் கூடத்தில் அமர்ந்தார்கள். வாதம் தொடங்கியது.

சம்பத்குமாரன் உயர்ந்த வண்டியின் கட்சி. மழைக்காலத்தில் சந்நிதித் தெருவில் தண்ணீர் நின்றால் தாழ்ந்த வண்டி படகாகிவிடும், உயர்ந்தது நடந்துபோகும். மேடு பள்ளத்தில் வயிறு தட்டாது. ஏழெட்டுப் பேர் ஏறலாம். உள்ளே உட்கார்ந்தபடியே கோபுரம் சேவிக்கலாம்.

யதிராஜன் கண்டித்தார். உயரம் கூடினால் வளைவில் ஆடும். பெட்ரோலோ டீசலோ, காற்றைக் கிழிக்கிற உடம்புக்குத் தகுந்தாற்போல் தின்னும். நம் தெருவில் காலையில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டியிருக்கும்போது தாழ்ந்த வண்டி சந்துக்குள் ஒதுங்கிவிடும், அந்த யானை எங்கே ஒதுங்கும்? ஏழெட்டுப் பேர் ஏறலாம் என்பது குணமா தோஷமா? "ஏறலாம்னா ஏறுவா, சம்பத். நம்மாத்துல ரெண்டு பேர் இருக்கோம். மிச்ச ஆறு பேரை நான் எங்கேர்ந்து சகிச்சுக்கறது?"

"மாமி ஏறி இறங்கலாமே, அது?"

"அது ஒரு ஹேதுதான், காரணம்தான். அதுக்கு வருவோம்."

அதற்கு வரவில்லை. ஐப்பசி முழுவதும் வரவில்லை. ஏனென்றால் நடுவில் பெரிய விஷயம் ஒன்று முளைத்தது. உயர்ந்த வண்டியில் டிக்கி இல்லை. கடைசி சீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது, அவ்வளவுதான். மேலே கூரை ஒன்றே, காற்று ஒன்றே. தாழ்ந்த வண்டி மூன்று பெட்டி: எஞ்சினுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று, சாமானுக்கு ஒன்று. உயர்ந்த வண்டி இரண்டே பெட்டி. ஆளும் அகத்திக்கீரையும் ஒரே அறையில்.

"யார் இருக்கற அறைங்கறதுதான் கேள்வி" என்றார் யதிராஜன், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

ஜன்னலுக்கு வெளியே சின்னப்பையன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"சாமி, நான் வேணா மூச்சை அடக்கிக்கினு ஓட்றேன், வுடுங்க."

"சின்னப்பையா, உன்னைப் பத்தி யாரும் பேசலை. பொதுவா பேசிண்டிருக்கோம்."

"பொதுவா பேசினா அது எம்மேலதான் சாமி வந்து வுழுது" என்றார் சின்னப்பையன், துணியைப் பிழிந்துகொண்டே. "மத்தவங்க யாரும் வண்டில இல்லியே."

கூடத்தில் சம்பத்குமாரன் காபி ஆறிவிட்டது என்றார்.

விஷயத்தைப் பரிசோதனையால் தீர்ப்பது என்று முடிவானது. தனி அறை என்பதற்கு லக்ஷணம் என்ன? ஓர் அறையில் சாதாரணக் குரலில் பேசுவது இன்னொரு அறையில் கேட்கக் கூடாது. கேட்டால் இரண்டும் ஒன்றே. இந்த லக்ஷணத்தை யதிராஜன்தான் வகுத்தார். உயர்ந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்தால் முன்னால் பேசுவது கேட்கும் என்பதற்கு நிரூபணம் தேவையில்லை. ஆனால் ஒப்பீடு என்றால் இரண்டு பக்கமும் சோதிக்க வேண்டும் என்று சம்பத்குமாரன் நியாயம் பேசினார். டிக்கியையும் சோதிக்க வேண்டும். டிக்கிக்குள் ஓர் ஆள் இருக்க வேண்டும்.

நியாயம் பேசியவரே உள்ளே போனார்.

கார்த்திகை மாதத்து ஒரு காலை. பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள் போய்க்கொண்டிருந்த தெருவில், ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாமியிடம் கொடுத்துவிட்டு, காரின் டிக்கிக்குள் முழங்காலை மடக்கிப் படுத்தார். சின்னப்பையன் இரண்டு தடவை கேட்டார்.

"நெசமாவே மூடட்டுமா?"

"மூடுப்பா. சாஸ்திரத்துக்காக."

மூடியாகிவிட்டது. யதிராஜன் பின்சீட்டில் அமர்ந்து கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டில் பேசுகிற குரலில், ஒரு லக்ஷண வாக்கியத்தைச் சொன்னார். டிக்கியிலிருந்து பதில் வராது என்பது அவர் எதிர்பார்ப்பு.

"அந்த வாக்கியத்துல அதிவ்யாப்தி தோஷம் இருக்கு, ஓய்!" என்றது டிக்கி.

யதிராஜன் திடுக்கிட்டார். "கேக்கறதா?"

"ஸ்பஷ்டமா கேக்கறது! திறங்கோ!"

"எந்த இடத்துல தோஷம்?"

"திறந்தா சொல்றேன்!"

"அதிவ்யாப்தின்னா அது இலக்கைத் தாண்டி எங்கே போறதுன்னு காட்டணும், சம்பத்."

வாதம் அங்கேயே, பின்சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவில், தொடர்ந்தது. கோயிலுக்குப் போனவர்கள் நின்றார்கள். புடவை எடுக்க வந்திருந்த வெளியூர்க்காரர் ஒருவர், வண்டி ஏன் தனக்குத்தானே சம்ஸ்கிருதம் பேசுகிறது என்று சின்னப்பையனைக் கேட்டார்.

"பெட்டி தனியா, ஒண்ணான்னு பாக்கறாங்க" என்றார் சின்னப்பையன். "இன்னம் தெரியல."

மாமி வாசலில் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பிறகு இறங்கிவந்து, "சின்னப்பையா, அவரை எழுப்பி விடு. காபி கலந்தாச்சு" என்றார். சின்னப்பையன் திறந்தார். சம்பத்குமாரனை வெளியே எடுப்பதற்கு, மாமியை எடுத்ததைவிடச் சற்று நேரம் கூடுதலாயிற்று.

விளைவு பயங்கரமானது. டிக்கியும் தனி அறை இல்லை. அப்படியானால் இத்தனை வருஷமாக அதில் போன துவாதசித் தளிகை எல்லாம்? யதிராஜன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சம்பத்குமாரன் ஆறுதல் சொன்னார்: "அம்பாசடர் காலத்தைக் கணக்குல சேர்க்க வேண்டாம். அதுல யாரும் படுத்துப் பாக்கலை."

இந்த இருட்டில்தான் யதிராஜனுக்கு வெளிச்சம் பிறந்தது. பட்டு! வைகாசியில் மாமியைக் காப்பாற்றியது பட்டு. பட்டுக்கு விழுப்பு ஒட்டாது. சீட்டுக்குப் பின்னால் கூரையிலிருந்து தரைவரை ஒரு பட்டுத் திரை தொங்கினால் அது சுவர்; அந்தப் பக்கம் தனி அறை. உயர்ந்த வண்டிக்கும் பொருந்தும். ஆகவே உயர்ந்த வண்டி வாங்கலாம், திரை தயாரானதும்.

உலகத்தில் வேறு எந்த ஊரில் இந்தச் சித்தாந்தம் பிறந்திருந்தாலும் கடையில் ஒரு துணி வாங்கிக் கத்தரித்து மாட்டியிருப்பார்கள். இது காஞ்சிபுரம். பட்டு என்றால் தறியில் சொல்லி நெய்ய வேண்டும். கைலாசம் என்கிற நெசவாளர் வரவழைக்கப்பட்டார். விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டார்.

"சாமி, நான் புடவை நெய்யறவன். நீங்க சுவரு நெய்ய சொல்றீங்க."

"ரெண்டும் துணிதானேப்பா."

"துணிதான். எத்தினி முழம்? வண்டி எங்க?"

"வண்டி இனிமேதான் வாங்கணும்."

கைலாசம் மாமியைப் பார்த்தார். மாமி சுவரைப் பார்த்தார். கடைசியில் நெல்லூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணப் புடவை எடுக்க வந்து கடை வாசலில் நின்ற ஓர் உயர்ந்த வண்டியை, அதன் சொந்தக்காரர்கள் உள்ளே முகூர்த்தப் புடவை பார்த்துக்கொண்டிருந்த சமயம், பின்கண்ணாடி வழியாக முழம் போட்டார்கள். வண்டியின் டிரைவர் தெலுங்கில் என்னவோ கேட்டார். "சுவருக்கு அளவு" என்று கைலாசம் தெலுங்கிலேயே விளக்கினார். டிரைவர் கதவுகளைப் பூட்டிக்கொண்டார்.

"பார்டர் வெக்கணுமா?" என்றார் கைலாசம்.

"சுவருக்கு எதுக்கு பார்டர்?" என்றார் யதிராஜன்.

"ஓரம் இல்லாம இருந்தா எங்கே முடியறதுன்னு தெரியாதே" என்றார் சம்பத்குமாரன். இது ஆழமான கேள்வியாகப் பட்டதால், பார்டர் யாளியா அன்னமா என்பதில் ஒரு வாரம் போயிற்று. முந்தானை வேண்டாம் என்பதில் மட்டும் ஒருமித்த கருத்து ஏற்பட்டது.

"ஆனா இப்ப ஆவாது சாமி" என்றார் கைலாசம். "தறில கல்யாணப் பாவு ஓடிக்கினு இருக்குது. தை பொறக்கட்டும்."

"பொறக்கட்டும்" என்றார் யதிராஜன் திருப்தியோடு. "ஸுபத்ரா எங்கே போயிடப்போறா."

மாமி அதைக் கேட்டார். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

மார்கழியில் ஒரு துவாதசி காலை. ஸுபத்ராவின் மருமகள் ரக்ஷாவிடமிருந்து போன் வந்தது. மாமி எடுத்தார்.

"சித்தி, அம்மா உங்களைப் பாக்கணுங்கறா. பாத்திரம் வேண்டாமாம். உங்களை வரச் சொன்னா. நேத்திலேர்ந்து அதே பேச்சு. டாக்டர் ஒண்ணும் பயமில்லைன்னுதான் சொன்னார், ஆனா சுரம் இருக்கு..."

மாமி போனை வைத்தார். யதிராஜன் கூடத்தில் இருந்தார். "கைலாசத்துக்கு ஆள் அனுப்பட்டுமா? கொஞ்சம் துரிதப்படுத்தச் சொல்லி?" என்றார். உண்மையான கரிசனத்தோடுதான் கேட்டார்.

"வேண்டாம்னா" என்றார் மாமி.

வாசலுக்கு வந்தார். சின்னப்பையன் கம்பத்தருகே நின்றிருந்தார், பழக்கத்தில்.

"சின்னப்பையா, உனக்குத் தெரிஞ்சவா யார்கிட்டயாவது உசந்த வண்டி இருக்கா?"

சின்னப்பையன் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். "எங்கூட்டாண்ட அந்தோணி வெச்சிருக்குறான் மா. இன்னிக்கு சவாரி இல்ல, சும்மாதான் நிக்குது. ஓட்டியாரட்டுமா?"

"ஓட்டிண்டு வா."

"தளிகை பண்ணிட்டீங்களா? பின்னாடி எட்த்து வெக்க எடம் துடைச்சி..."

"பண்ணலை."

அந்தோணியின் வண்டி வந்தது. வெள்ளை நிறம், பக்கவாட்டில் மண், உள்ளே சாமந்திச் சருகும் யாரோ விட்டுப்போன பிஸ்கட் உறையும். மாமி பின்கதவுக்குப் போகவில்லை. முன்கதவைத் திறக்கச் சொன்னார். ஒன்பது கஜத்தில் ஒரு காலைப் படியில் வைத்தார், கைப்பிடியைப் பிடித்தார், திரும்பினார், உட்கார்ந்தார். அவ்வளவுதான். சீட்டு மாமியின் இடுப்பு உயரத்தில் இருந்தது. கிணறு மாதிரி இறங்கவும் வேண்டாம், பஸ் மாதிரி ஏறவும் வேண்டாம். இத்தனை மாதமாக நடந்த வாதத்தில் இந்த ஒரு ஹேதுவை யாரும் பரிசீலிக்கவில்லை.

யதிராஜன் வாசலுக்கு வந்தபோது மாமி டிரைவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தார்.

"பெருந்தேவி, முன்னாடியா உக்காந்திருக்கே? அப்போ இது எந்த..."

"வந்து பேசிக்கலாம்" என்றார் மாமி. சின்னப்பையன் வண்டியை எடுத்தார்.

வண்டி வாலாஜாபாத் தாண்டியது. மாமி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துச் சின்னப்பையன் பள்ளங்களில் மெதுவாக இறக்கினார்.

"உனக்கும் இடுப்பு வலிதானே?" என்றார் மாமி, கண்ணைத் திறக்காமலே.

"இருக்குது மா. அந்த நீல வண்டில எறங்க சொல்லோ நானும் கதவை புட்ச்சிக்கினுதான் எழுந்துக்கறேன்."

"சொல்லவே இல்லையே."

"சொன்னா சாமி யோசிப்பாரு."

மாமியின் முகத்தில் எதுவோ அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம். அதற்கும் சற்று அசதியாக இருந்தது போலிருக்கிறது, பாதியில் நின்றுவிட்டது.

திருமுக்கூடலில் அக்கா வீட்டு வாசலில் மாமி காலைக் கீழே வைத்தார், நின்றார். பார்க்கத் தெருவில் யாரும் கூடவில்லை. பார்க்க ஒன்றும் இல்லை.

ஸுபத்ரா கட்டிலில் இளைத்துக் கிடந்தார். தங்கையைப் பார்த்ததும் கையை நீட்டினார். பக்கத்து ஸ்டூலில் பாதி கடித்த பன் ஒன்றும், டீ ஆறிப்போன டம்ளர் ஒன்றும் இருந்தன. மாமி பன்னைப் பார்த்தார். துவாதசி காலை. பேக்கரிப் பன்.

"என்னக்கா இது?"

"பன்னு. நன்னா இருக்கு. மிச்சம் நீ சாப்பிடறயா?"

"பிறத்தியார் பண்ணினதெல்லாம் சாப்பிட மாட்டியே."

"ஆஸ்பத்திரில லில்லின்னு ஒரு நர்ஸ் பொண்ணு. வாயைத் திறங்க பாட்டின்னு ஊட்டிவிட்டா. ரொட்டி, கஞ்சி, என்னென்னமோ. சாப்பிட்டேன். தங்கமான பொண்ணு."

"அப்போ நான் அனுப்பிச்ச தளிகை?"

ஸுபத்ரா சிறிது நேரம் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தார். "ரக்ஷா சாப்பிடுவா. எனக்கு அகத்திக்கீரையே பிடிக்காதுடி. எப்பவுமே பிடிக்காது."

"சொல்லியிருக்கலாமே. இத்தனை வருஷமா."

"சொன்னா நீ எப்படி வருவே? பாரணைக்குன்னாத்தானே உன்னை அனுப்புவார் அவர். அக்காவைப் பாக்கணும்னு சொன்னா பூர்வபக்ஷம் வெப்பார்."

மாமி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அகத்திக்கீரையை ஆய்ந்த காலைகள் எல்லாம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் சொன்னது இதுதான்: "எனக்கும் பிடிக்காது."

பிறகு பன்னை எடுத்து, அக்கா கடித்த பக்கத்தை விட்டு, மறுபக்கத்தில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். ஏகாதசி விரதம் முடிந்தது. வெளியே ரக்ஷா சின்னப்பையனுக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானத்துக்கு முன்பே போன் வந்தது. யதிராஜன்.

"சுரம் எப்படி இருக்கு?"

"குறைஞ்சிருக்கு."

"சரி. அந்த வண்டில பாத்திரத்தை எங்கே வெச்சே? பின்சீட்டுக்குப் பின்னாடியா, நடுவுலயா? சம்பத் கேக்கறான்."

"பாத்திரமே கொண்டுவரலை."

"அப்போ கேள்வியே எழலையே" என்றார் யதிராஜன். குரலில் ஏமாற்றம் தெரிந்தது. பிறகு, அதுவரை யாரும் கேட்காததைக் கேட்டார். "வண்டி எப்படி இருந்தது, உனக்கு?"

மாமி யோசித்தார். "உக்காந்தேன். எழுந்துண்டேன்."

"அது ஒரு வாதம் ஆகாதே, பெருந்தேவி."

"ஆகாது" என்று மாமி ஒப்புக்கொண்டார். "நான் இங்கேயே கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன். சாதத்துக்கு சம்பத் ஆத்துல சொல்லிக்கோங்கோ. சின்னப்பையன் சாயங்காலம் வண்டியைக் கொண்டுபோய் அந்தோணிகிட்ட விட்டுடுவான்."

போனை வைத்துவிட்டு வந்தார்.

"என்ன சொல்றார்?" என்றார் ஸுபத்ரா.

"யோசிக்கறார்."

"யோசிக்கட்டும். இந்தப் பக்கம் இடம் இருக்கு, வா, படு. காலைப் பாத்துப் போடு, என் இடுப்புல படாம."

மாமி படுத்துக்கொண்டார்.